சென்னை புறநகர்ல எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க தெருவுல ஒரு பக்கம் மாநகராட்சி, எதிர் பக்கம் பஞ்சாயத்து. குப்பை வண்டி ரெண்டு கலர்ல வரும், எதிர்வீட்டுக்காரருக்கு வரி ஒரு ரேட்டு எனக்கு ஒரு ரேட்டு, ஆனா மழை பேஞ்சா ரெண்டு பேர் வீட்டுக்குள்ளயும் ஒரே தண்ணி. புதுசா குடி வர்றவங்க எல்லாம் திரும்ப திரும்ப இதே கேள்விகளதான் கேக்குறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு. பெரும்பாலும் தென்சென்னை பக்கத்து உதாரணம்தான் இருக்கும், ஆனா ஆவடி, அம்பத்தூர் பக்கமும் கதை இதேதான்.

நான் சென்னைலதான் இருக்கேனா இல்லையா?

எந்த வேலைக்கு கேக்குறீங்கன்னு சொன்னாதான் பதில் சொல்ல முடியும். தபால்காரர் கணக்குல ஒரு சென்னை, மாநகராட்சி கணக்குல ஒரு சென்னை, கலெக்டர் கணக்குல ஒண்ணு, போலீஸ் கணக்குல இன்னொண்ணு, மனை, கட்டட அனுமதி பாக்கற சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கணக்குல ரொம்ப பெரிய ஒண்ணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணா அழகா அடுக்கின டப்பா மாதிரி இருந்தா பிரச்சனையே இல்ல, இது அப்படி இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு கோணலா ஏறி கெடக்கு.

பள்ளிக்கரணையையே எடுத்துக்கோங்க. சென்னை மாநகராட்சில 14வது மண்டலம், பெருங்குடி. மாவட்டம் சென்னை. சட்டமன்றம் சோழிங்கநல்லூர், எம்பி தொகுதி தென்சென்னை. ஆனா போலீஸ் ஸ்டேஷன் தாம்பரம் கமிஷனருக்கு கீழ. அப்படியே ரோட்டுலயே நேரா போனா மேடவாக்கம், அதே 600100 பின்கோடு, அதே எம்எல்ஏ, ஆனா 2011ல மாநகராட்சி விரிவாக்கத்துல சேராம விட்டுப்போன கிராம ஊராட்சி, மாவட்டம் செங்கல்பட்டு. அம்பத்தூர்காரங்களுக்கு இன்னொரு ரகம். மாநகராட்சி சென்னை 7வது மண்டலம், போலீஸ் ஆவடி கமிஷனரேட், எம்பி தொகுதியோ ஸ்ரீபெரும்புதூர்.

பின்கோடு 600ல ஆரம்பிக்குது, 044 போன் நம்பர், அப்போ சென்னைதானே?

இல்லீங்க. பின்கோடு தபால் பிரிக்கறதுக்கு போட்டது, அவ்ளோதான். தாம்பரம் 600045, வண்டலூர் 600048, ஆவடி 600054, இதெல்லாம் சென்னை மாநகராட்சி கிடையாது. வண்டி நம்பர் பிளேட்டும் அப்படித்தான், டிஎன் 11 தாம்பரம், டிஎன் 14 சோழிங்கநல்லூர், டிஎன் 22 மீனம்பாக்கம்னு ஆர்டிஓவுக்கு தனியா ஒரு எல்லை. வீட்டு புரோக்கர் "சார் இது சென்னை 600 சார்"னு சொன்னா தலைய ஆட்டிட்டு வரி ரசீது எங்கன்னு கேளுங்க.

சரி, எங்க உள்ளாட்சி எதுன்னு உறுதியா எப்படி தெரிஞ்சிக்கறது?

வரி ரசீது. சொத்து வரிய யார் வாங்குறாங்களோ அவங்கதான் உங்க உள்ளாட்சி. வாடகைக்கு இருந்தீங்கன்னா ஓனர்கிட்ட ஒரு காப்பி வாங்கி போன்ல போட்டோ எடுத்து வெச்சிக்கோங்க, மேல மண்டலம், வார்டு நம்பர், அசெஸ்மென்ட் நம்பர் எல்லாம் இருக்கும். மேப்ல தேடி பாக்காதீங்க, அதுல வர்ற கோடு பல இடத்துல பழசு, சில இடத்துல சும்மா குத்துமதிப்பு.

காலி மனைக்கு ரசீது இல்லன்னா சர்வே நம்பர். எல்லை எல்லாம் கடைசில வருவாய் கிராமத்தையும் சர்வே நம்பரையும் வெச்சுதான் போடுறாங்க, அதனால பத்திரத்துல இருக்கற வருவாய் கிராமம் பேரையும் சர்வே நம்பரையும் விஏஓகிட்ட காட்டினா எந்த உள்ளாட்சின்னு சொல்லிடுவார். ஒரு விஷயம், வருவாய் கிராமம் வேற கிராம ஊராட்சி வேற. பேர் ஒண்ணா இருக்கும், ஆள் வேற.

இவ்ளோ குழப்பம் எப்படி வந்துச்சு?

ஒரே நாள்ல யாரும் உக்காந்து வரையல, ஒவ்வொரு டிபார்ட்மென்டும் ஒவ்வொரு காலத்துல அவங்கவங்க வசதிக்கு வரைஞ்சாங்க.

சென்னை மாநகராட்சி 1688ல ஆரம்பிச்சது. ரொம்ப காலம் 174 சதுர கிலோமீட்டர்தான், அப்புறம் 2011ல 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 கிராம ஊராட்சி, மொத்தம் 42 உள்ளாட்சிய சேர்த்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு, 15 மண்டலம்னு ஆச்சு. ஆனா மாவட்ட எல்லைய அப்போ யாரும் தொடல. அதனால ஏழு வருஷம் மடிப்பாக்கத்துக்காரர் ஓட்டு போட்டது சென்னை மேயருக்கு, பட்டாவுக்கு போனது காஞ்சிபுரம் மாவட்டத்து தாலுகா ஆபீசுக்கு. 2018லதான் சென்னை மாவட்டத்தையும் 426க்கு இழுத்தாங்க, அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் தாலுகா எல்லாம் அப்போதான் சென்னை மாவட்டத்துக்குள்ள வந்துச்சு.

அடுத்த வருஷமே, 2019ல, காஞ்சிபுரத்த பிரிச்சு செங்கல்பட்டு மாவட்டம். அதே வருஷம் ஆவடி மாநகராட்சி. 2021ல தாம்பரம் மாநகராட்சி, தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்னு 5 நகராட்சியும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலைன்னு 5 பேரூராட்சியும் சேர்ந்து 70 வார்டு. 2022 ஜனவரில போலீஸ மூணா பிரிச்சு தாம்பரம், ஆவடி கமிஷனரேட் வந்துச்சு, ஆனா அந்த கோட்ட மாநகராட்சி கோட்டோட பொருத்தல, பள்ளிக்கரணையும் அம்பத்தூரும் அப்படி மாட்டினதுதான். எம்எல்ஏ, எம்பி தொகுதி எல்லாம் 2008ல வரைஞ்சது, அதுக்கப்புறம் நடந்த எதுவும் அதுக்கு தெரியாது.

மவுண்ட்ல, அதாவது பரங்கிமலைல, பஸ் ஏறி மேடவாக்கம் வரைக்கும் ஒரு தடவ போய் பாருங்க. மடிப்பாக்கம் கூட்ரோடு வரைக்கும் சென்னை மாநகராட்சி, கீழ்க்கட்டளை வந்தா பழைய பல்லாவரம் நகராட்சி அதாவது இப்ப தாம்பரம் மாநகராட்சி, அத தாண்டினா கோவிலம்பாக்கம், பரங்கிமலை ஊராட்சி ஒன்றியம். டிக்கெட் ஒண்ணு, உள்ளாட்சி மூணு. நடுவுல மூவரசம்பட்டுன்னு ஒரு ஊரு, நங்கநல்லூரும் மடிப்பாக்கமும் பக்கத்துலயே இருக்கு ஆனா 2011ல அதையும் சேர்க்கல, ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க.

குப்பை எடுக்க வரல, யார்கிட்ட சொல்றது?

வரி வாங்குறவங்ககிட்ட. சென்னை மாநகராட்சின்னா 1913. தாம்பரம், ஆவடின்னா அந்தந்த மண்டல ஆபீஸ். பஞ்சாயத்துன்னா நேரா பஞ்சாயத்து ஆபீஸ் போய் கிளார்க்க பாருங்க, அவர்தான் ஊராட்சி செயலர், தலைவர விட அவருக்குதான் எந்த தெரு எங்க இருக்குன்னு தெரியும். அங்க நடக்கலன்னா ஊராட்சி ஒன்றியத்துல பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். எல்லைல இருக்கற தெருமுனைல ரெண்டு பக்கத்துக்காரங்களும் ராத்திரில கொட்டிட்டு போவாங்க, அதுக்கு எந்த ஹெல்ப்லைனும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்களோட பேசித்தான் ஆகணும்.

ரோடு குண்டும் குழியுமா இருக்கு, கவுன்சிலர் என்னோடது இல்லங்கிறாரே?

பல நேரம் அவர் சொல்றது உண்மையாத்தான் இருக்கும். உள்தெரு மட்டும்தான் உள்ளாட்சியோடது. மேடவாக்கம் மெயின் ரோடு, வேளச்சேரி தாம்பரம் ரோடு, பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோடெல்லாம் மாநில நெடுஞ்சாலை துறை. ஜிஎஸ்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை. ஓஎம்ஆர்ல தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம். சென்னை மாநகராட்சிக்குள்ளயே பஸ் போற ரோட்ட ஒரு பிரிவு பாக்கும், உள்தெருவ மண்டல இன்ஜினியர் பாப்பார், அதனால ஏஇகிட்ட (அசிஸ்டன்ட் இன்ஜினியர்) போறதுக்கு முன்னாடி இந்த ரோட்டுல பஸ் போகுதான்னு பாத்துட்டு போங்க. நெடுஞ்சாலைல லைட்டு எரியலன்னா ரோடு அவங்களோடதா இருந்தாலும் லைட்டு பெரும்பாலும் உள்ளாட்சியோடது, இது வேற.

அப்புறம் லேஅவுட் ரோடு. மனை போட்டவர் ரோட்டையும் பார்க் இடத்தையும் உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதி குடுத்திருக்கணும். 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா 10 சதவீதம் இடம் பொதுவுக்கு விடணும்னு விதி, அதுவும் இதுல வரும். அவர் குடுக்காமலே எல்லா மனையவும் வித்துட்டு போயிட்டார்னா ஆபீஸ்ல "அது பிரைவேட் ரோடு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க, ஜல்லி கூட விழாது. மனை வாங்கும்போதே அந்த பத்திரத்த கேட்டு பாக்கறவங்க நூத்துல ஒருத்தர் கூட இல்ல, நானும் கேக்கல.

மழைத் தண்ணி நிக்குது, அது யார் வேலை?

தெருவோர கால்வாய் உள்ளாட்சி. பெரிய ரோட்டோரம் போற கால்வாய் நெடுஞ்சாலை. அது போய் சேர்ற ஏரி, ஆறு நீர்வளத் துறை, சின்ன ஏரின்னா ஊராட்சி ஒன்றியம். 100 ஏக்கருக்கு மேல பாசனம் இருந்தத பொதுப்பணித் துறை வெச்சுக்கிச்சு (நீர்வளத் துறை அப்ப அதுக்குள்ளதான் இருந்துச்சு), மத்தத ஒன்றியத்துக்கு விட்டாங்க. இப்ப பாசனமும் இல்ல வயலும் இல்ல, எல்லாம் அபார்ட்மென்ட், ஆனா ஏரிய பிரிச்சது இன்னும் அந்த காலத்து நெல்லுக் கணக்குலதான் நிக்குது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல வனத்துறை வேற வரும், 2022ல ராம்சர்ங்கற சர்வதேச சதுப்பு நிலப் பட்டியல்ல சேர்ந்த இடம்.

தண்ணிக்கு எல்லை தெரியாது. மேல இருக்கற ஊர்ல கால்வாய் கட்டி முடிச்சிட்டோம்னு போர்டு வைப்பாங்க, அந்த கால்வாய் எல்லைக்கோடு வந்ததும் நின்னுடும், அங்கிருந்து தண்ணி அடுத்த உள்ளாட்சி தெருவுல பாயும். எங்க தெரு அப்படி ஒரு "அடுத்த உள்ளாட்சி".

குடிதண்ணி, பாதாள சாக்கடை?

சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள மெட்ரோ வாட்டர், அது 1978 சட்டத்துல வந்த தனி வாரியம், மாநகராட்சிக்கு கீழ இல்ல. அதனாலதான் சொத்து வரி கட்டின அப்புறமும் குடிநீர் வரி, கழிவுநீர் வரின்னு தனி பில் வருது, ரெண்டு தடவ வாங்குறாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க. புகார் நம்பரும் வேற, 044-45674567. மத்த இடத்துல கூட்டுக் குடிநீர் திட்டம் எல்லாம் குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக் குடுக்கும், ஆனா தொட்டில இருந்து உங்க வீட்டு குழாய் வரைக்கும் உள்ளாட்சி பொறுப்பு. பஞ்சாயத்துல பாதாள சாக்கடை பெரும்பாலும் கிடையாது, செப்டிக் டேங்க், லாரி. மாநகராட்சில சேர்ந்து பல வருஷம் ஆகியும் லாரிய கூப்பிடற தெருவும் இருக்கு.

குழந்தைக்கு பிறப்பு சான்றிதழ் எங்க வாங்கணும்?

குழந்தை எங்க பொறந்துச்சோ அங்க. நீங்க எங்க குடியிருக்கீங்கங்கறது கணக்குலயே வராது. வீடு கோவிலம்பாக்கம் பஞ்சாயத்து, பிரசவம் அடையாறு ஆஸ்பத்திரின்னா சென்னை மாநகராட்சிதான் குடுக்கும். பாதி பேர் இதுல தப்பா ஆபீஸ் ஏறி ஒரு நாள் லீவ வீணாக்குறாங்க. இறப்பும் அப்படித்தான். 21 நாளுக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரில நடந்தா பதியற வேலைய அவங்களே பாத்துப்பாங்க, வீட்டுல நடந்தா நீங்கதான் போகணும்.

பட்டா, சாதி, வருமான சான்றிதழ் மாநகராட்சில கிடைக்குமா?

கிடைக்காது. அது வருவாய்த் துறை, விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் வழி. இ-சேவை மையத்துல போடலாம், ஆனா தாலுகா பேர கரெக்டா போடுங்க. ஆதார்ல இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம்னு இருக்கும், இப்ப நீங்க செங்கல்பட்டு இல்லன்னா சென்னை. பழைய பத்திரத்துல பழைய மாவட்டம் இருந்தா பத்திரம் செல்லாதான்னு கேக்குறாங்க, செல்லும், பயப்படாதீங்க, அப்ப என்ன பேரோ அதுதானே எழுதியிருப்பாங்க. சார் பதிவாளர் ஆபீசுக்கு இது எதுலயும் சேராத தனி எல்லை, பதிவுத் துறை வெப்சைட்ல கிராமம் பேர போட்டு பாத்துக்கோங்க.

மனை வாங்கப் போறேன், "பஞ்சாயத்து அப்ரூவ்டு"ங்கறாங்க, வாங்கலாமா?

இதுல மட்டும் கொஞ்சம் நிதானமா படிங்க. பஞ்சாயத்து தலைவருக்கு லேஅவுட் அப்ரூவல் குடுக்கற அதிகாரம் கிடையாது. சிஎம்டிஏ எல்லைக்குள்ளன்னா சிஎம்டிஏ, வெளியன்னா டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்), அவங்க குடுத்த அப்ரூவல் நம்பர் இருக்கணும். அப்ரூவல் இல்லாத மனைய பதியக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டு பதிவே நின்னுச்சு, அப்புறம் 2017ல அப்படிப்பட்ட மனைய சட்டப்படி சரி பண்ணிக்க வரன்முறை விதி வந்துச்சு, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி வித்த மனைக்குதான் அந்த வழி. அதனால பழைய மனைன்னா வரன்முறை ஆர்டர் எங்கன்னு கேளுங்க.

சிஎம்டிஏ எல்லையும் நகரும். ரொம்ப வருஷம் 1189 சதுர கிலோமீட்டர், 2022ல 5904ன்னு அறிவிச்சாங்க, கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. நம்ம இடம் எதுல வருதுன்னு அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஆபீஸ்லயே கேட்டுடுங்க, புரோக்கர் பேச்சு வேணாம். சின்ன வீடு கட்டறவங்களுக்கு 2024 ஜூலைல இருந்து ஒரு நல்லது நடந்திருக்கு, 2500 சதுர அடிக்குள்ள மனை, 3500 சதுர அடிக்குள்ள கட்டடம்னா சுயசான்று முறைல ஆன்லைன்ல பர்மிட் வாங்கிக்கலாம்.

கரண்ட் போச்சு?

மின்னகம், 94987 94987. மின்வாரியத்துக்கு உள்ளாட்சி எல்லையே கணக்கில்ல, பில்லுல இருக்கற சர்வீஸ் நம்பர் போதும். நிம்மதியான ஒரே ஆபீஸ்.

கவுன்சிலர், தலைவர், எம்எல்ஏ, எம்பி... யார்கிட்ட போறது?

தெரு வேலைன்னா கவுன்சிலர், பஞ்சாயத்துன்னா வார்டு மெம்பர், தலைவர். எம்எல்ஏவுக்கு வருஷம் 3 கோடி, எம்பிக்கு 5 கோடி தொகுதி நிதி இருக்கு, பஸ் ஷெல்டர், ஸ்கூல் கட்டடம் மாதிரி வேலைக்கு அங்க போகலாம், குப்பைக்கு போனா அவங்க ஆள் அதே கவுன்சிலருக்குதான் போன் போடுவார்.

பஞ்சாயத்துல இருக்கறவங்களுக்கு நகரத்துக்காரங்களுக்கு இல்லாத ஒண்ணு இருக்கு, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு. அபார்ட்மென்ட்காரங்க யாரும் போறதில்ல, லீவுன்னு தூங்கிடறாங்க. போய் எழுந்து பேசினா தீர்மானத்துல எழுதித்தான் ஆகணும்.

பஞ்சாயத்த மாநகராட்சியோட சேர்த்தா நல்லதா?

வரி கூடும், கிராம சபை போயிடும், நூறு நாள் வேலைன்னு சொல்ற ஊரக வேலை திட்டம் போயிடும், அத நம்பி இருக்கற பழைய ஊர்க்காரங்களுக்கு அது பெரிய அடி. பதிலுக்கு இன்ஜினியர், மெஷின், நிதி கிடைக்கும். அபார்ட்மென்ட்காரங்க சேர்க்கணும்னும் ஊர்க்காரங்க வேணாம்னும் சொல்றது அதனாலதான். என்ன கேட்டா இன்னைக்கு சேர்ந்தா நாளைக்கே பாதாள சாக்கடை வந்துடும்னு மட்டும் நம்பாதீங்க, 2011ல சேர்ந்த தெருக்கள ஒரு ரவுண்டு சுத்தி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எங்க பக்கம் மிலிட்டரி போர்டு இருக்கே?

பரங்கிமலை பல்லாவரம் கன்டோன்மென்ட். அது மாநகராட்சியும் இல்ல பஞ்சாயத்தும் இல்ல, பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கீழ தனி போர்டு, தனி சட்டம்.

ரெண்டு ஆபீசும் "எங்க எல்லை இல்ல"ங்கறாங்க, என்ன பண்றது?

எங்க தெருமுனைல ஒரு சின்ன பாலம் உள்வாங்கிடுச்சு. ஒரு ஆபீஸ்ல எதிர்ப்பக்கம்னாங்க, எதிர்ப்பக்கத்து ஆபீஸ்ல உங்க பக்கம்னாங்க, இப்படியே நாலு மாசம், அதுக்குள்ள ஒரு ஸ்கூட்டர்காரர் விழுந்து கை உடைஞ்சுது. கடைசில பக்கத்து தெரு ரிடயர்டு சர்வேயர் ஒருத்தர் புலப்படத்த (சர்வே நம்பரோட அளவு வரைபடம்) எடுத்து பாத்து சிரிச்சிட்டு சொன்னார், "ரெண்டு பேரும் பொய் சொல்லலப்பா, இது ரெண்டு பேரோடதும் இல்ல, இது ஏரிக்கு போற வரத்து வாய்க்கா, நீர்வளத் துறைய பாரு"ன்னு. நாங்க நாலு மாசமா ரோட்டுக்கு சண்டை போட்டிருக்கோம், விழுந்தது வாய்க்கா.

அதனால முதல்ல அந்த இடத்தோட சர்வே நம்பரும் அது என்ன புறம்போக்குன்னும் கண்டுபிடிங்க. வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுத்து சீல் வெச்ச காப்பி வாங்குங்க, 1100ல முதல்வர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சு நம்பர் வாங்குங்க. அதுலயும் நடக்கலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு, "இந்த சர்வே நம்பர்ல இருக்கற பாலத்த பராமரிக்கறது எந்த துறை"ன்னு ஒரே ஒரு கேள்வி. ரெண்டுல எந்த ஆபீஸ்ல போட்டாலும் "எங்களுது இல்ல"ன்னு திருப்பி அனுப்ப முடியாது, 6(3) பிரிவுல 5 நாளுக்குள்ள எந்த ஆபீசோட விஷயமோ அந்த ஆபீசுக்கு அவங்களே அனுப்பி வெச்சு உங்களுக்கும் லெட்டர் போடணும். எல்லைய கண்டுபிடிக்கற வேலைய அவங்க தலைல கட்டிடலாம். அந்த லெட்டர பத்திரமா வெச்சிக்கோங்க, அடுத்த மழைக்கும் அது வேணும்.